படித்து முடித்த பிள்ளையை யார் கூப்பிடுவார்?

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை படிப்புக்காக அதிக தூரம் போக வேண்டியதில்லை. பள்ளிகள் அடுக்குமாடிகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. லாட் ஒன் கடைத்தொகுதியில் பொது நூலகம் இருக்கிறது. சுவா சூ காங் குரோவில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேற்குக் கல்லூரி 2010 முதல் நடக்கிறது. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். வேலைக்கும் பக்கத்திலேயே இடமுண்டு. வடக்கே சுங்கை காடுட் தொழிற்பேட்டை, தெற்கே ஜூரோங், அதையும் தாண்டினால் துவாஸ். வரைபடத்தில் பார்த்தால் பள்ளியிலிருந்து வேலைக்குப் போகும் வழி நேராகத்தான் தெரியும். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பளம் வரும் நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு. பேசினாலும் பிள்ளையின் குறையில்தான் போய் முடிகிறது. ஆங்கிலம் இன்னும் தெளிவாக இருக்கலாம், நேர்முகத் தேர்வில் தயங்காமல் பேசலாம், இன்னொரு பயிற்சி வகுப்புக்குப் போகலாம், முடிந்தால் கொஞ்சம் மாண்டரினும் கற்றுக்கொள்ளலாம் என்கிறோம்.

இந்த அறிவுரைகள் அக்கறையில் பிறந்தவை, பயனுள்ளவையும்கூட. என் வாதம் வேறு. பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதில் நாம் செலவழிக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்கைக்கூட, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதில் செலவழிக்கவில்லை. ஒரே தகுதி உள்ள இருவரில் ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரைக் கூப்பிடாமல் விடும் வழக்கம் இருக்குமானால், மேலும் மேலும் தயாராவதால் மட்டும் அந்த இடைவெளி மூடாது. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அளவீடுகள் சொல்வதைக் கேட்ட பிறகு, நம் சமூக அமைப்புகளும் அரசும் அடுத்து எங்கே கைவைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

முதலில் தயாரிப்பின் பக்கத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் சிங்கப்பூர் இந்திய மாணவர்களின் தேர்ச்சி, அதிலும் கணிதத்தில், கவலை தரும்படி இருந்தது. அதை ஆராய 1989-இல் ஒரு நடவடிக்கைக் குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1991-இல் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் உருவானது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் அதன் தலைமையகம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது நடத்தும் துணைப்பாட வகுப்புகளில் படித்து மேலே வந்த தலைமுறையே உண்டு. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை, வருமானத்துக்கு ஏற்ப, மத்திய சேமநிதிக் கழகம் வழியாக அதற்குப் போகிறது. ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் கூலியில் ஒரு துளியை எடுத்துத் தன் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கிறது. இதைவிடப் பெருமைப்படத்தக்க ஏற்பாடு நம்மிடம் வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறேன். ஆகவே தயாரிப்பு வீண் என்று சொல்ல இந்தப் பதிவு எழுதப்படவில்லை. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்கு அடுத்த படியில்தான் நம் கால் இன்னும் பதியவில்லை.

இனி சான்றுக்கு வருகிறேன். அமெரிக்காவில் கறுப்பின இளையர்களின் வேலைவாய்ப்பைப் பற்றி நுட்பமான ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. அதனால் அங்கிருந்து தொடங்குவதே முறை. 2004-இல் மரியான் பெர்ட்ரான் என்பவரும், நம் பெயர் தாங்கிய பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள். சிலவற்றில் லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்கள். வெள்ளையர் பெயருக்கு 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. பலர் இந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. விண்ணப்பத்தின் தரத்தை உயர்த்தினால் என்ன ஆகும் என்றும் அவர்கள் பார்த்தார்கள். கூடுதல் அனுபவம், கூடுதல் திறன், இடைவெளியில்லாத வேலை வரலாறு என்று சேர்த்தார்கள். வெள்ளையர் பெயரில் போன விண்ணப்பங்களுக்கு இதனால் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயரில் போனவற்றுக்குக் கிடைத்த கூடுதல் மிகச் சொற்பம். ‘இன்னும் நன்றாகத் தயாராகு’ என்ற அறிவுரையைக் கேட்டு அதன்படியே நடந்தவருக்கும் பலன் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

இதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்காக டேவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கி நகரில் இளைஞர்களையே நேரில் அனுப்பிப் பார்த்திருந்தார். சிறை சென்று வந்ததாகச் சொன்ன வெள்ளை இளைஞருக்கு 17 விழுக்காடு இடங்களில் திரும்ப அழைப்பு வந்தது. எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத கறுப்பின இளைஞருக்கு 14 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நேர்முகத் தேர்வுக்கு எப்படி உடுத்துவது என்ற பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது புரியும்.

ஆனால் சுவா சூ காங்கை மனத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமாகத் தெரிவது டீர்ட்ரா ராய்ஸ்டர் 2003-இல் வெளியிட்ட நூல். பால்டிமோரில் ஒரே தொழிற்கல்விப் பள்ளியில் படித்து வெளியேறிய 50 இளைஞர்களை அவர் ஆராய்ந்தார். 25 பேர் கறுப்பினத்தவர், 25 பேர் வெள்ளையர். ஒரே கூடம், ஒரே பாடம், ஒரே ஆசிரியர்கள். மதிப்பெண்ணிலும் வருகையிலும் ஊக்கத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு வெள்ளையர்களுக்குக் கூடுதல் சம்பளமும் கற்ற தொழிலிலேயே வேலையும் கிடைத்தன. கறுப்பின இளைஞர்கள் பலர் கற்ற தொழிலை விட்டே விலக நேர்ந்தது. காரணத்தைத் தேடிப் போன ராய்ஸ்டருக்குக் கிடைத்தது எளிமையான விடை. வெள்ளை மாணவனுக்கு ஆசிரியரும் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தெரிந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள். கறுப்பின மாணவனுக்கு அதே ஆசிரியரிடமிருந்து பாராட்டு வந்தது. முதலாளியின் தொலைபேசி எண் வரவில்லை. அந்த ஆசிரியர்கள் தங்களை இனவாதிகள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு உதவினார்கள், அவ்வளவுதான். யாரைத் தெரியும் என்பதிலேயே பாகுபாடு நடந்து முடிந்துவிட்டது.

அமெரிக்கா அமெரிக்காதானே, அடிமைமுறையின் வரலாறு நமக்கு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்திலேயே பார்ப்போம். மலேசியாவில் லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலித் இருவரும் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒத்த தகுதியுள்ள பட்டதாரி விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயருக்கு 22 விழுக்காடு அளவுக்கு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயருக்கு 4 விழுக்காடு. இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பெயரிலேயே சாதியும் மதமும் தெரியும் விண்ணப்பங்களைப் பற்றியது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருந்தது, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. அங்கே விண்ணப்பத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள் நம்மவர்கள்தாம். இதை நாம் மறைக்கக் கூடாது. சிங்கப்பூரில் பீட்டர் சியூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரே மாதிரியான தன்விவரக் குறிப்பைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அதில் இருந்த இனம் மட்டும் மாறியது. மலாய் விண்ணப்பதாரருக்கு மதிப்பீடு குறைந்தது. மாணவர்களிடம் நடத்திய ஆய்வுதான், உண்மையான மனிதவள அதிகாரிகளிடம் நடத்தியதில்லை. இருந்தாலும் இந்த ஊர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க அது இடம் தரவில்லை.

இந்த ஊரில் பாகுபாடு எந்த வடிவில் வருகிறது? பெயர் முதலில் பேசிவிடுகிறது. நம் பெயருக்கு நடுவே மகன், மகள் என்பதைக் குறிக்க நிற்கும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்ற இரண்டெழுத்தே போதும். தகுதிப் பட்டியலுக்குக் கண் போகும் முன்பே இனம் தெரிந்துவிடும். அடுத்தது மொழி. மாண்டரின் தெரிந்தவர் தேவை என்ற வரி, வாடிக்கையாளரைப் பார்க்காத வேலைகளுக்கும் வருவதுண்டு. நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: மொழித் தேவையை விளம்பரத்தில் சேர்த்தால் வேலைக்கு அது ஏன் வேண்டும் என்று காட்ட வேண்டும். சீனாவிலிருந்து வரும் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு மாண்டரின் வேண்டும். அதை யாரும் மறுக்கமாட்டார்கள். கிடங்கில் சரக்குக் கணக்கு பார்ப்பவருக்கு ஏன் வேண்டும்? ‘எங்கள் குழுவில் எல்லாரும் அதில்தான் பேசுவார்கள்’ என்று பதில் வரும். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால், இன்று ஒரே இனத்தவர் இருக்கும் இடத்தில் என்றைக்கும் அவர்களே இருப்பார்கள்.

சீனாவோடு இவ்வளவு வணிகம் நடக்கும்போது முதலாளிகள் மாண்டரினைக் கேட்பது இயல்புதானே என்று சொல்பவர்களுக்கு இன்னொரு ஊரின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரோண்டோவில் பிலிப் ஓரியோபூலஸ் என்ற பொருளியலாளர் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பினார். கனடாவில் படித்து, கனடாவில் வேலை பார்த்த அனுபவம் இருந்தும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கு 40 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் அழைப்பு வந்தது. ஏன் என்று கேட்டபோது, அந்தப் பெயர்க்காரர்களுக்கு மொழி சரளமாக இருக்காதோ என்ற கவலை என்றார்கள் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள். ஆனால் மொழித்திறனுக்கு விண்ணப்பத்திலேயே சான்று சேர்த்தபோதும் இடைவெளி குறையவில்லை. மொழி உண்மையான தேவையாக இருக்கும் இடங்கள் உண்டு. மொழியின் பெயரில் வேறொன்று நடக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் பிரிப்பது வேலையின் தன்மையைக் கேட்டால்தான் முடியும். அப்படிக் கேட்பது முதலாளிமீது குற்றம் சுமத்துவதாகாது.

மூன்றாவது வடிவமான அறிமுகம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. ராய்ஸ்டர் பால்டிமோரில் கண்டதும் அதுவே. கொள்கை ஆய்வுக் கழகம் 2017-இல் சிங்கப்பூரர்களின் அறிமுக வட்டங்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்பவர்களுக்குத் தெரிந்தவர்களில் தனியார் வீட்டில் வாழ்பவர்கள் சராசரியாக 0.8 பேர்தான். உயரடுக்குப் பள்ளியில் படிக்காதவர்களுக்கு உயரடுக்குப் பள்ளியில் படித்தவர்கள் சராசரியாக 0.4 பேர். அதாவது பலருக்கு ஒருவர்கூட இல்லை. இந்த ஊரின் ஆழமான பிளவு இனத்தில் இல்லை, வர்க்கத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுவா சூ காங்கின் அடுக்குமாடியில் வாழும் ஒரு தமிழ் இளைஞருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மேட்டுக்குடி வட்டத்தில் அவருக்கு ஆள் இல்லை. அவரோடு ஒரே மாடியில் வாழும் சீன நண்பருக்கும் அந்த வட்டத்தில் ஆள் இல்லைதான். ஆனால் சுங்கை காடுட்டிலோ உபியிலோ பட்டறை நடத்தும் ஒரு பெரியப்பாவோ அப்பாவின் பழைய நண்பரோ அந்த நண்பருக்கு இருக்கும் வாய்ப்பு அதிகம். நம் முன்னோர் பலர் துறைமுகத்திலும் பொதுப்பணித் துறையிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பியைச் சேர்த்துவிட்டார், சித்தப்பா ஊர்க்காரரைச் சேர்த்துவிட்டார். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அரசு வேலைகள் முறையான தேர்வுக்கு மாறின. பழைய சங்கிலி அறுந்தது. தனியார் சிறுதொழில்களில் நமக்கு அதற்கு ஈடான சங்கிலி உருவாகவில்லை.

இந்த இடத்தில் வழக்கமான ஒரு மறுப்பு வரும். இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் நாட்டின் இடைநிலையைவிட அதிகம், பட்டதாரிகளின் பங்கும் அதிகம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அப்படிச் சொல்கிறது, பிறகு என்ன தடை என்று கேட்பார்கள். எண்கள் சரி. ஆனால் அந்தக் கணக்கில் குடிமக்களோடு நிரந்தரவாசிகளும் சேர்த்தி. கடந்த முப்பது ஆண்டுகளில் உயர்கல்வியோடும் உயர்பதவியோடும் வந்து குடியேறியவர்கள் அந்த எண்களைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அவர்களை வரவேற்கிறேன், அவர்கள் உழைப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் மும்பையிலோ பெங்களூரிலோ பொறியியல் படித்து வங்கித் துறையில் சேர்ந்தவருடைய சம்பளம், மேற்குக் கல்லூரியில் படித்து முதல் வேலை தேடும் பிள்ளைக்கு வாசல் திறந்திருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு ஊழியர்கள்மீது பொதுமக்களிடையே எழும் எரிச்சல், இந்தியாவுடனான 2005 பொருளியல் ஒப்பந்தத்தின் பெயரில் வெளிப்பட்டபோது, நாலு தலைமுறையாக இங்கே வாழும் குடும்பத்தின் பிள்ளையும் அதே பார்வைக்கு ஆளானார். அந்த எண்களின் பெருமையும் அவருக்கு வரவில்லை, எரிச்சலில் மட்டும் பங்கு வந்தது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. நிலைமை சீராகிக்கொண்டுதானே வருகிறது, சட்டமும் வந்துவிட்டதே என்பார்கள். மனிதவள அமைச்சின் ஆய்வுகளில், வேலை தேடும்போது ஏதேனும் ஒரு வகைப் பாகுபாட்டை எதிர்கொண்டதாகச் சொன்னவர்கள் 2018-இல் 42.7 விழுக்காடு, 2021-இல் 25.8 விழுக்காடு. இனம் மட்டுமன்றி வயது முதலான எல்லாக் காரணங்களும் இதில் அடங்கும். வயதுதான் அதிகம் சொல்லப்பட்டது. இந்த இறக்கம் உண்மையானது என்றே எடுத்துக்கொள்கிறேன், மகிழ்ச்சியும் அடைகிறேன். 2020 ஜனவரியில் விதிமீறும் நிறுவனங்களுக்கு வேலை அனுமதிச் சலுகைகளை 12 முதல் 24 மாதங்கள்வரை நிறுத்திவைக்கும்படி தண்டனை கடுமையாக்கப்பட்டது. விண்ணப்பிப்பவரைத் திருத்துவதோடு நிற்காமல் தேர்ந்தெடுப்பவரிடமும் விதியைக் கடுமையாக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 2025 ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும், அதே ஆண்டு நவம்பரில் புகார்களைத் தீர்ப்பதற்கான இரண்டாம் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்கிறார்கள். இனம், மதம், மொழித்திறன் மூன்றும் அதில் பாதுகாக்கப்பட்ட அடையாளங்கள். நெறிமுறையாக இருந்தது சட்டமாவது பெரிய முன்னேற்றம். அதற்காக உழைத்த எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் இரண்டு இடைவெளிகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டுகள் விலக்கு. நாட்டின் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினர் அப்படிப்பட்ட நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். சிறிய நிறுவனத்துக்கு மனிதவளப் பிரிவு இல்லை, பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்ற காரணம் புரிகிறது. ஆனால் தெரிந்தவர் வழியாகவே ஆள் எடுக்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியிருப்பதும், தொழில்நுட்பக் கல்வி முடித்த பிள்ளைகள் முதல் வேலை தேடிப் போவதும் அதே இடங்களில்தான். இரண்டாவது இடைவெளி இன்னும் அடிப்படையானது. சட்டம் புகாரை நம்பி இருக்கிறது. வேலையில் இருப்பவருக்குத் தன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியும். அவரால் புகார் செய்ய முடியும். விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதில் வராமல் காத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. தன்னைவிடத் தகுதியானவர் கிடைத்தாரா, பெயரைப் பார்த்ததும் ஒதுக்கினார்களா, விண்ணப்பத்தை யாரும் திறக்கவே இல்லையா? முல்லைநாதனின் ஆய்வில் நிஜமாகவே ஜமால் என்று ஒருவர் இருந்திருந்தால், தனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதனால்தான் இந்த வேலையை அரசே செய்ய வேண்டும் என்கிறேன். ஒத்த தகுதியும் வெவ்வேறு பெயரும் உள்ள விண்ணப்பங்களை அனுப்பி அளக்கும் சோதனையை மனிதவள அமைச்சோ நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தி முடிவை வெளியிட வேண்டும். இது புதுமையான யோசனை இல்லை. பிரிட்டனில் வேலை, ஓய்வூதியத் துறை அப்படிச் செய்யச் சொல்லி 2009-இல் முடிவை வெளியிட்டது. வெள்ளையர் பெயரில் 9 விண்ணப்பங்களுக்கு ஒரு நல்ல பதில் வந்த இடத்தில் சிறுபான்மையினர் பெயரில் 16 விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. பிரான்சு அரசு 2020-இல் ஒரு படி மேலே போய், தன் சோதனையில் பின்தங்கிய பெரிய நிறுவனங்களின் பெயர்களையே வெளியிட்டது. அங்கே ஆய்வு முறையைப் பற்றிச் சச்சரவு எழுந்தது. பெயரை வெளியிடுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. முதல் சில ஆண்டுகளுக்குத் துறைவாரியாக எண்களைச் சொன்னால் போதும். கற்பனை விண்ணப்பங்களை அனுப்புவது முதலாளிகளை ஏமாற்றுவதாகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஒரு நிறுவனத்துக்குச் சில நிமிட நேரம் செலவாகும்; உண்மையான விண்ணப்பதாரர்களுக்கு ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு, அதை யாரும் கணக்கிடுவதே இல்லை. ஒருவேளை சோதனையில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. என் வாதம் பிழை என்று அந்த எண் காட்டுமானால் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்வேன்.

அரசு செய்யும்வரை காத்திருக்காமல் நாமே தொடங்கக்கூடியது ராய்ஸ்டர் கண்ட அந்தத் தொலைபேசி எண். நம் சமூகத்தில் மனிதவளத் துறையில், தளவாடத் துறையில், மருத்துவமனை நிர்வாகத்தில், கட்டுமான நிறுவனங்களில் இடைநிலைப் பதவிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் குடியேறி உயர்பதவிகளில் இருப்பவர்களும் சிண்டாவுக்கு மாதந்தோறும் பணம் தருகிறார்கள். பணத்தோடு அவர்களுடைய அறிமுகமும் வேண்டும். ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு முன்னாள் மாணவர் சங்கம் இயல்பாகச் செய்வதை, தொழில்நுட்பக் கல்வி முடித்த பிள்ளைக்கு யாரும் செய்வதில்லை. வேலைப்பயிற்சிக்கு இடம் தேடும் கட்டத்திலேயே, அதாவது கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே, அந்தத் துறையில் ஐந்து பத்து ஆண்டு இருந்த ஒருவரோடு பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும். அவர் செய்ய வேண்டியது ஊக்கப் பேச்சு இல்லை. எந்த நிறுவனம் இப்போது ஆள் எடுக்கிறது, அங்கே யாரிடம் விண்ணப்பத்தை நேரே கொடுக்கலாம், சம்பளம் எவ்வளவு கேட்கலாம், எந்த மேற்பார்வையாளரிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அவரே தொலைபேசியை எடுத்து, இந்தப் பிள்ளையை ஒருமுறை பாருங்கள் என்று கேட்க வேண்டும். சிண்டா ஏற்கெனவே இளையர் திட்டங்களையும் வழிகாட்டிகளையும் கொண்டிருக்கிறது. அவற்றின் பலனை வகுப்புக்கு வந்தவர்களின் எண்ணிக்கையில் அளக்காமல், ஆறு மாதத்தில் கற்ற துறையிலேயே வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கையில் அளக்கத் தொடங்கினால் போக்கே மாறும்.

இதுவும் ஒருவகைச் சலுகைதானே, இனத்தைப் பார்த்து உதவுவதை எதிர்த்துவிட்டு நாமே அதைச் செய்யலாமா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தகவல் சொல்வதும் அறிமுகம் செய்வதும் ஒன்று. முடிவு எடுப்பது வேறு. நம்மவர் ஒருவர் முதலாளி இடத்தில் உட்கார்ந்து, தகுதி குறைந்த தமிழ்ப் பிள்ளையை எடுத்துத் தகுதியுள்ள மலாய்ப் பிள்ளையை விட்டால், மேலே சொன்ன எல்லாக் குற்றமும் அவர்மேல் வரும். மற்றவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கும் தகவலை, கிடைக்காதவருக்கும் கொண்டுசேர்ப்பது போட்டியைச் சமமாக்குகிறது. அதே காரணத்தால் இந்த ஏற்பாட்டை மலாய்/முஸ்லிம் சமூகத்தின் சுய உதவி அமைப்பான மெண்டாக்கியோடு சேர்ந்து நடத்தவும் வேண்டும், ஆதரவில்லாத சீனப் பிள்ளைக்கும் திறந்துவிடவும் வேண்டும் என்பேன். சுவா சூ காங்கில் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தவர்களை வேலை தேடும் கட்டத்தில் மூன்று சங்கங்களாகப் பிரிப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக, பெற்றோர்கள் அடிக்கடி சொல்லும் ஓர் அச்சம். இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னால் மனம் உடைந்துபோகும், முயற்சியை விட்டுவிடும், தெரியாமலே இருக்கட்டும் என்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் காரணம் தெரியாமல் இருபது விண்ணப்பங்களுக்குப் பதில் வராத இளைஞர் தன்னையேதான் காரணமாக நினைத்துக்கொள்வார். தன் ஆங்கிலத்தை, தன் நிறத்தை, தன் பெயரைச் சந்தேகிப்பார். அமெரிக்காவில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கறுப்பின மாணவர்கள் பலர் விண்ணப்பத்தில் தங்கள் பெயரையும் சமூகச் சேவையையும் இனம் தெரியாதபடி மாற்றி எழுதிக்கொண்டார்கள். அப்படி மாற்றினால் அழைப்பு 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஆசியர்களின் விண்ணப்பங்களை அதேபோல் மாற்றியபோது 11.5-லிருந்து 21-க்கு உயர்ந்தது. பன்முகத்தன்மையை வரவேற்கிறோம் என்று விளம்பரத்திலேயே எழுதிய நிறுவனங்களிலும் இதே கதைதான். தமிழ்ப் பெயரை மறைத்துக்கொள் என்று எந்தப் பெற்றோரும் தங்கள் பிள்ளைக்குச் சொல்ல விரும்பமாட்டார்கள் என்று நம்புகிறேன். அப்படியானால் உண்மையைச் சொல்லி, கூடவே கருவிகளையும் கொடுக்க வேண்டும். தொடர்பில்லாத மொழித் தேவை வரும் விளம்பரத்தைப் படம் பிடித்து முத்தரப்புக் கூட்டணிக்கு எப்படி அனுப்புவது, நேர்முகத் தேர்வில் மதத்தையோ திருமணத்தையோ பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது, எந்தத் தேதியில் எங்கே விண்ணப்பித்தோம், என்ன பதில் வந்தது என்று எப்படிக் குறித்துவைப்பது, 2027-இல் சட்டம் நடப்புக்கு வந்ததும் யாரிடம் போவது. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். சுவா சூ காங் சமூக மன்றத்தில் அதற்கு ஓர் அறை கேட்டால் கிடைக்கும்.